விசித்திர அறிவியல் பாட்காஸ்ட்: பேட்டி சறுக்கும் இடங்கள்

சளிப்பூஞ்சையை (slime mould, ஈரமான இடங்களில் வழவழப்பாகப் படர்ந்து வளரும் உயிரி) ஆராய்பவரைப் பேட்டி எடுக்கும்போது, “மூளையே இல்லாத உயிரி ரயில் பாதை போட்டதாமே?” என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அங்கேயே பேட்டி தடம் மாறிவிடுகிறது. 2010-ல் வெளியான சோதனையில் டோக்கியோவையும் சுற்றியுள்ள நகரங்களையும் குறிக்க 36 இடங்களில் அதற்கு உணவாக ஓட்ஸ் வைத்தார்கள். சளிப்பூஞ்சை ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அவற்றைக் குழாய்களால் இணைத்தது. அந்த வலை நிஜ ரயில் வலையின் நகல் அல்ல. திறனில் அதோடு ஒப்பிடத்தக்கது, அவ்வளவே. வியப்பை நீங்களே கேள்வியில் ஊதிவிட்டால், அதைத் திருத்துவதிலேயே விருந்தினரின் முதல் ஐந்து நிமிடம் போய்விடும்.

“முதல் சில மணி நேரம் தட்டில் என்ன தெரியும்?” என்று கேளுங்கள். எல்லாப் பக்கமும் பரவும், பிறகு உள்ளே திரவ ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கும், ஓட்டம் குறைந்தது சுருங்கி மறையும் என்று பதில் வரும். மூளை ஏன் தேவைப்படவில்லை என்பது கேட்பவருக்குத் தானாகப் புரிந்துவிடும்.

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள். சுலபமானதற்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். கேள்விகளை முழுதாக முன்கூட்டி அனுப்பினால் உரை வாசிப்பார்கள், தலைப்புகள் போதும். பதில் முடிந்ததும் மூன்று விநாடி பேசாமல் இருங்கள். பலர் நல்ல உதாரணத்தை அப்போதுதான் எடுப்பார்கள். எண்களை அங்கேயே சரிபாருங்கள்: ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம். பேச்சு வேகத்தில் அது கோடியாகிவிடும்.

தொலைவிலிருந்து பேசும்போது இணைய அழைப்பின் ஒலியை மட்டும் நம்பாதீர்கள், நெட் தடுமாறினால் சொற்கள் விழுங்கப்படும். இருவரும் அவரவர் பக்கம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) கோப்பாகப் பதியட்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்த முதல் தட்டல் உதவும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாததால், ஒரு மணி நேரத்தில் குரல்கள் விலகக்கூடும். எவ்வளவு என்பதை இரண்டாவது தட்டல் காட்டிவிடும். இருவருக்கும் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் மைக்கில் எதிரொலிக்கும். உரத்த சிரிப்பும் பதிவு மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட (clipping) ஒலியை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது.

“நன்றி” சொன்ன கையோடு பதிவை நிறுத்துவதுதான் கடைசித் தவறு. அவர் அனுமதியோடு இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். இறுக்கம் தளர்ந்தபின், “உண்மையில் எங்களுக்கே புரியாதது என்னவென்றால்...” என்று தொடங்குவார்.