ஆத்துக்கு மாடல் கட்டப் போறீங்களா, மொதல்ல தண்ணிக் கணக்கை நேர் பண்ணுங்க

டர்பன் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு உம்கேனி ஆறு புதுசு இல்ல, டர்பன்ல ஸ்ப்ரிங்ஃபீல்ட் பள்ளத்துல ஆத்தோரமா கீரையும் காய்கறியும் போட்டு பொழச்ச குடும்பங்கள் எத்தனையோ. 1917 அக்டோபர்ல வெள்ளம் வந்து ஆத்தோரத்துல நம்ம ஆளுங்க குடியிருந்த டின் டவுன் முழுகினப்போ ஆறு பேர் படகுல போய் 170 பேருக்கு மேல கரை சேர்த்தாங்க, படவட்டான் சிக்ஸ்னு இன்னிக்கும் பெரியவங்க சொல்லுவாங்க. அப்புறம் 1987 செப்டம்பர், அப்புறம் 2022 ஏப்ரல், சில இடத்துல ஒரே நாள்ல 300 மிமீக்கு மேல மழை, 400 பேருக்கு மேல போயிட்டாங்க. அதனால இந்த ஆத்துக்கு மாடல், அதாவது இவ்ளோ மழை பெஞ்சா ஆத்துல எவ்ளோ ஓடும்னு சொல்ற கம்ப்யூட்டர் கணக்கு, போட்டுப் பார்க்கணும்னு படிக்கிற பசங்க வந்து கேட்டா எனக்கு மனசு நெறஞ்சுடும். ஆனா எல்லாரும் மொதல்ல கேக்கறது எந்த சாஃப்ட்வேர்ண்ணான்னுதான், அது கடைசியா கேக்க வேண்டியது.

மொதல் கேள்வி, எதுக்கு மாடல்? அணைக்கு வருஷத்துக்கு எவ்ளோ தண்ணி வரும்னு தெரியணும்னா மாசக் கணக்கே போதும், இந்த நாட்டுல பிட்மன் மாடல் 1973ல இருந்து அந்த வேலையைத்தான் செய்யுது. காடு, கரும்பு, நிலம் மாறினா ஓட்டம் எப்படி மாறும்னு பார்க்கணும்னா தினக் கணக்கு, அதுக்கு நம்ம மேரிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டிலயே வளர்ந்த ஏக்ரூங்கற மாடல் இருக்கு. பாமியட் மாதிரி ஊருக்குள்ள ஓடற சின்ன ஓடைல வெள்ளம் எவ்ளோ ஏறும்னு பார்க்கணும்னா தினக் கணக்கு சுத்தமா உதவாது, மழை கொட்டி சில மணி நேரத்துல தண்ணி வந்துட்டுப் போயிடும், அங்க மணிக்கணக்குல, இல்லன்னா அதுக்கும் கம்மியான இடைவெளில மழை டேட்டா வேணும். நான் இங்க தினக் கணக்கு பத்தித்தான் சொல்லப் போறேன், கைல ஓட்டிப் பழக ஜிஆர்4ஜேங்கற மாடல் எடுத்துக்கலாம், நாம மாத்திப் பொருத்த வேண்டிய எண், அதாவது பாராமீட்டர், நாலே நாலு, ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஏர்ஜிஆர்னு பேக்கேஜ் இலவசம்.

அடுத்தது எந்த ஆறுங்கறது. மொத்த உம்கேனியையும் மொதல்லயே எடுக்காதீங்க, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டான்னு நாலு பெரிய அணை வரிசையா உக்காந்திருக்கு, கீழ இருக்கிற கேஜ்ல, அதாவது ஆத்து ஓட்டத்தை அளக்கற இடத்துல, நீங்க பாக்கறது மழையோட பதில் இல்ல, அணை கேட்டைத் திறந்தவங்களோட முடிவு. மேல இருக்கிற கிளை ஆறு ஒண்ணு எடுங்க, கார்க்ளூஃப் மாதிரி. பக்கத்துலயே லயன்ஸ் ரிவர் இருக்கே அதை எடுத்தா என்னன்னு கேக்கலாம், அதைப் பத்தி பின்னாடி சொல்றேன், அதுல நான் மாட்டிக்கிட்டேன்.

எல்லை வரையறது இப்போ சுலபம், 30 மீட்டர் கட்டம் கட்டமா நில உயரம் சொல்ற எஸ்ஆர்டிஎம் டேட்டாவை கியூஜிஐஎஸ்ங்கற வரைபட சாஃப்ட்வேர்ல போட்டு பள்ளங்களை நிரப்பி, ஓட்டத் திசை எடுத்து, கேஜ் இருக்கிற புள்ளில வடிநிலத்தை, அதாவது அங்க தண்ணி வந்து சேர்ற மொத்த நிலத்தை, வெட்டினா போதும். கேஜ் புள்ளி ஆத்துக் கோட்டு மேல சரியா உக்காந்திருக்கான்னு மட்டும் பாருங்க, ஒரு கட்டம் தள்ளிப் போச்சுன்னா பக்கத்து வயக்காட்டோட பரப்பளவுதான் வரும். வந்த பரப்பளவை தண்ணித் துறை அந்த கேஜுக்குக் குடுத்திருக்கிற பரப்பளவோட ஒப்பிடுங்க.

இப்போ மழை. இங்கதான் நாள் கணக்கா உக்காரணும். மழைமானியைக் காலைல 8 மணிக்குத்தான் படிப்பாங்க, அப்போ செவ்வாய் காலைல படிச்ச 60 மிமீ பெரும்பாலும் திங்கக்கிழமை சாயங்காலம் இடியோட கொட்டினது, அதை எந்தத் தேதில எழுதியிருக்காங்கன்னு பார்க்காம விட்டா ஆத்துல வெள்ளம் மொதல்லயும் மழை மறுநாளும் வரும், மாடல் பாவம் என்ன செய்யும். மழையை ஒரு நாள் முன்னாடி பின்னாடி நகர்த்தி ஓட்டத்தோட எதுல ஒத்துப்போகுதுன்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. அடுத்து, சனி ஞாயிறு யாரும் படிக்காம திங்கக்கிழமை மூணு நாள் மழையையும் ஒண்ணா எழுதியிருப்பாங்க, வாரத்துல எந்தக் கிழமைல எத்தனை மழை நாள்னு எண்ணினா திங்கள் மட்டும் தூக்கலா நிக்கும், உடனே தெரிஞ்சுடும். டேட்டா இல்லாத நாளை சைபர்னு போட்டு வச்சிருக்கிறதும் உண்டு, பக்கத்து ஸ்டேஷன்லாம் நனைஞ்சிருக்கப்போ இது மட்டும் ஒரு மாசம் காய்ஞ்சிருந்தா அது வறட்சி இல்ல, படிக்க ஆள் இல்லாதது. ரெண்டு மழைமானியோட கூட்டுத்தொகையை ஒண்ணுக்கு எதிரா ஒண்ணு வரைஞ்சு பாருங்க, கோடு எங்கயாவது மடங்கினா அங்க மழைமானியை மாத்தியிருக்காங்க, இல்லன்னா பக்கத்துல மரம் வளர்ந்திருக்கு.

மழைமானி எல்லாம் பண்ணை வீட்டு வாசல்ல, அதாவது பள்ளத்துல இருக்கும், இந்த ஆறு தொடங்கற மிட்லாண்ட்ஸ் பகுதில மலைமுகட்டுலதான் மழை அதிகம். அதனால சும்மா சராசரி எடுத்தா கம்மியாத்தான் வரும், உயரத்துக்கு ஏத்த மாதிரி திருத்தணும். சாட்டிலைட் மழை, சிர்ப்ஸ் மாதிரி, 1981ல இருந்து கிடைக்குது, மாச மொத்தத்தைச் சரிபார்க்க நல்லது, ஆனா ஒரு நாள் பேய்மழையை அது மழுங்கடிச்சுடும், வெள்ளத்துக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

ஓட்ட டேட்டாவை தண்ணித் துறை தளத்துலயே எடுக்கலாம், உம்கேனி வடிநில கேஜ் நம்பர் எல்லாம் யு2ன்னு ஆரம்பிக்கும். ஒரு விஷயம் மனசுல வைங்க, யாரும் ஆத்து ஓட்டத்தை நேரா அளக்கறது இல்ல, தடுப்புச் சுவர் மேல தண்ணி எவ்ளோ உயரம் நிக்குதுன்னுதான் அளக்கறாங்க, உயரத்தை ஒரு டேபிள் வச்சு ஓட்டமா மாத்தறாங்க. அந்த டேபிளுக்கு ஒரு மேல்வரம்பு இருக்கு. பெரிய வெள்ளத்துல தண்ணி சுவரையே முழுக்கிட்டு ஓடும், அப்போ வர்ற நம்பர் மதிப்பீடுதான், சில சமயம் கேஜே அடிச்சுட்டுப் போயிருக்கும். ஹைட்ரோகிராஃப், அதாவது நாளுக்கு நாள் ஓட்டத்தைக் காட்டற கோடு, அதோட உச்சி கத்தியால வெட்டின மாதிரி தட்டையா இருந்தா அது டேபிள் முடிஞ்ச இடம். தரக் குறியீடு ஒவ்வொரு நாளுக்கும் கூடவே வரும், அதைத் தூக்கிப் போடாதீங்க, தரம் குறைஞ்ச நாட்களை கேலிபரேஷன்ல, அதாவது அளந்த ஓட்டத்தோட மாடலைப் பொருத்தற வேலைல, இருந்து ஒதுக்கி வைங்க. வறண்ட மாசத்துல ஓட்டம் திடீர்னு படிப்படியா இறங்கினா மேல பண்ணைல பம்ப் ஓடுது.

ஆவியாதலுக்கு பெருசா மண்டையை உடைக்க வேண்டாம், அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை இருந்தா ஹார்க்ரீவ்ஸ் சமன்பாடு போதும், ஏ-பான்ங்கற திறந்த தொட்டில தண்ணி ஆவியாகற அளவு இருந்தா 0.7, 0.8ன்னு ஒரு குணகத்தால பெருக்கிட்டு போங்க.

இப்போ மாடலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. கணக்குக்கு வடிநிலம் 300 சதுர கிமீ, சராசரி ஓட்டம் விநாடிக்கு 2 கன மீட்டர்னு வைங்க. ஓட்டத்தை 86.4ஆல பெருக்கி பரப்பளவால வகுத்தா தினசரி மிமீ வரும், 0.576, வருஷத்துக்கு 210 மிமீ. மழை 1000 மிமீன்னா 21 சதவீதம் ஆத்துக்கு வருது, மிச்சம் 790 மண்ணு, மரம், காத்து வழியா போகுது. தென்னாப்பிரிக்கா மொத்தத்துக்கும் சுமார் 9 சதவீதம்தான் ஆத்துக்கு வரும், மிட்லாண்ட்ஸ் ஈரமான மலைப்பகுதி, அதனால 20 நம்பற மாதிரிதான் இருக்கு. இதுவே 60 வந்திருந்தா மழையோ பரப்பளவோ கேஜோ தப்பு, இல்லன்னா வெளில இருந்து யாரோ தண்ணி ஊத்தறாங்க. இந்தக் கணக்கை வருஷா வருஷம் போடுங்க, அக்டோபர் 1ல இருந்து, இங்க நீரியல் வருஷம் அப்போதான் தொடங்குது.

இது சரியா வந்தப்புறம் ஜிஆர்4ஜே. அதோட நாலு பாராமீட்டர்ல எக்ஸ்1 மண்ணுல தேங்கற தொட்டியோட கொள்ளளவு, எக்ஸ்2 நிலத்தடி வழியா தண்ணி உள்ள வெளில போறது, எக்ஸ்3 மெதுவா வடியற தொட்டி, எக்ஸ்4 மழைக்கும் வெள்ள உச்சிக்கும் உள்ள கால அளவு. 350 மிமீ, 0, 90 மிமீ, 1.7 நாள்னு ஆரம்பிங்க. ஆட்டோமேட்டிக் கேலிபரேஷன் பட்டனை அன்னிக்கு அழுத்தாதீங்க. கையால ஒண்ணொண்ணா மாத்தி கிராஃபைப் பாருங்க, எக்ஸ்1ஐ ஏத்தினா சின்ன மழையெல்லாம் மண்ணுக்குள்ளயே நின்னுடும், எக்ஸ்3ஐ ஏத்தினா உச்சி அமுங்கி குளிர்கால ஓட்டம் நீளும், எக்ஸ்4 உச்சியைத் தள்ளிவைக்கும். ஒரு சாயங்காலம் இப்படி விளையாடினா அந்த ஆத்தோட குணம் கைக்கு வந்துடும், அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் குடுக்கற விடை சரியா தப்பான்னு உங்களுக்கே தெரியும். மொத ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓட்டத்தை மார்க் போடாம விடுங்க, தொட்டிங்க நிரம்ப நேரம் வேணும்.

மாடலுக்கு மார்க் போடறதுக்கு எல்லாரும் 1970ல வந்த நாஷ்–சட்கிளிஃப்ங்கற அளவை எடுப்பாங்க, 1ன்னா பொருத்தம், 0ன்னா சராசரிக் கோடு போட்டாலே அதே மார்க் வரும். அது பிழையை வர்க்கம் எடுக்கிறதால நாலு வெள்ளமே முழு மார்க்கையும் தீர்மானிச்சுடும், இங்க வறண்ட மாசங்களான ஜூன் ஜூலைல மாடல் காட்டற ஓட்டம் நிஜத்துல பாதியா இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. குடிதண்ணி ஆபத்துல இருக்கறது அந்த மாசங்கள்லதான். அதனால ஓட்டத்தோட வர்க்கமூலத்துலயோ லாக்லயோ இன்னொரு தடவை போடுங்க. 2009ல வந்த கேஜிஇங்கற இன்னொரு அளவு நல்லது, நேரம் ஒத்துப்போகுதா, ஏற்ற இறக்கம் ஒத்துப்போகுதா, மொத்தம் ஒத்துப்போகுதான்னு மூணையும் பிரிச்சுக் காட்டும், அந்த மூணையும் தனித்தனியா எழுதி வைங்க. ஆனா அதுல சராசரிக் கோட்டோட மார்க் 0 இல்ல, மைனஸ் 0.41, இதை நிறைய பேர் மறந்துடறாங்க.

இப்போ லயன்ஸ் ரிவர் கதை. ஆரம்பத்துல அதுக்குத்தான் மாடல் போட்டேன், நாஷ் 0.8 பக்கம் வந்துச்சு, ஒரு மீட்டிங்ல காட்டவும் காட்டிட்டேன். எக்ஸ்2 மட்டும் நல்லா பாசிட்டிவ்ல போய் நின்னுச்சு, அதாவது நிலத்துக்கு அடியில இருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்குன்னு மாடல் சொல்லுது. வறண்ட மாசத்துலகூட ஓட்டம் இறங்கல. அப்புறம்தான் ஒரு பெரியவர் மெதுவா கேட்டார், மூயி ஆத்துத் தண்ணியை எங்கப்பா சேர்த்தன்னு. பக்கத்து வடிநிலத்துல ஓடற மூயி ஆத்துல இருந்து மியர்ன்ஸ் தடுப்பணை வழியா பம்ப் பண்ணி இம்போஃபானா ஓடைல விடறாங்க, அது லயன்ஸ்ல சேர்ந்து மிட்மாருக்குப் போகுது, மூயில ஸ்ப்ரிங் க்ரோவ் அணை வந்தப்புறம் அது இன்னும் கூடிடுச்சு. அந்தப் பம்ப் தண்ணியைத்தான் எக்ஸ்2 நிலத்தடி நீர்னு வேஷம் கட்டி விழுங்கிடுச்சு. மார்க் நல்லாருந்தா மாடல் சரின்னு அர்த்தம் இல்லங்கறதை நான் அன்னிக்குத்தான் உணர்ந்தேன், அந்த மாடலை வச்சு வறட்சிக்கு திட்டம் போட்டிருந்தா இல்லாத தண்ணியைக் கணக்குல வச்சிருப்போம். மாற்றித் தர்ற தண்ணியோட தினசரி ரெக்கார்டை கேட்டு வாங்கி, கேஜ் ஓட்டத்துல இருந்து கழிச்சுட்டுதான் கேலிபரேட் பண்ணணும். எக்ஸ்2 பெருசா நெகட்டிவ்ல போனாலும் இதே சந்தேகம் வரணும், யாரோ எடுக்கறாங்க.

மரத்தையும் அப்படியே பாருங்க. பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோட்டம் புல்வெளியை விட ரொம்ப தண்ணி குடிக்கும், 1998 தேசிய தண்ணிச் சட்டத்துல வணிகக் காடு வளர்ப்பை ஓட்டத்தைக் குறைக்கிற செயல்னே சேர்த்திருக்காங்க. உங்க டேட்டா முப்பது வருஷம்னா அதுக்குள்ள காட்டுப் பரப்பு மாறியிருக்கும், ஒரே பாராமீட்டர் செட் மொத்தத்துக்கும் பொருந்தும்னு எதிர்பார்க்காதீங்க. இந்தக் கேள்விக்கு ஜிஆர்4ஜே பத்தாது, ஏக்ரூவுக்குப் போங்க, அதுல நிலப் பயன்பாட்டை மாத்தி ஓட்டலாம்.

சோதனைக்கு டேட்டாவை ரெண்டா வெட்டுங்க, ஆனா சும்மா முதல் பாதி ரெண்டாம் பாதின்னு இல்ல. ஈரமான வருஷங்கள்ல கேலிபரேட் பண்ணி 2015–16 மாதிரி வறட்சில சோதிங்க, அப்புறம் திருப்பி. ரெண்டு பக்கமும் மொத்த ஓட்டத்துல தப்பு 10 சதவீதத்துக்குள்ள வந்தா நான் நிம்மதியா தூங்குவேன், வறட்சில 40 சதவீதம் கூட காட்டினா அந்த மாடலை வறட்சிக்கு யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். அதோட, நல்ல மார்க் வாங்கற பாராமீட்டர் செட் ஒண்ணு இல்ல, நூறு இருக்கும், ரேண்டமா பத்தாயிரம் செட் ஓட்டி நல்லதா வர்ற எல்லாத்தையும் வச்சுக்கிட்டு ஒரு பட்டையா வரைஞ்சு குடுங்க. ஒத்தைக் கோட்டைக் குடுத்தா பாக்கறவங்க அதை உண்மைன்னு நம்பிடுவாங்க.

கடைசியா, கேஜ் தொடாத வெள்ளம். 1917க்கெல்லாம் நம்பத் தகுந்த தினசரி ரெக்கார்ட் கிடைக்காது, 2022லயும் பல ஓடைகள்ல அளவு கிடையாது. அதுக்கு ஆத்தோரம் நடக்கணும், சுவத்துல சேறு நின்ன கோடு, பாலத்துக் கைப்பிடில சிக்கின நாணல், இதையெல்லாம் உயரம் அளந்து தேதி போட்டு எழுதணும். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் வயசான பாட்டிமாரைக் கேட்டா தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கையை வச்சுக் காட்டுவாங்க, ரெண்டு மூணு வீட்டுல கேட்டு ஒத்துப்போனா அதுவும் அளவுதான். அந்த உயரத்தை ஆத்தோட குறுக்கு வெட்டுல போட்டு ஓட்டமா மாத்தி, உங்க மாடல் குடுக்கற பட்டைக்குள்ள விழுதான்னு பாருங்க, விழலன்னா திரும்ப மழை டேட்டாவுக்குப் போங்க.