மேஜருக்குத் துணையாக எந்த மைனர்?

முதன்மைத் துறையான மேஜரோடு, துணைத் துறையான மைனராக எதை எடுப்பது என்பது இளநிலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்தவர்களை முதல் ஆண்டிலேயே குழப்பும் விஷயம். பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகு) தேவை. அதில் மைனருக்குப் போவது ஐந்தாறு பாடங்கள், ஏறத்தாழ 15 முதல் 18 கிரெடிட். பெரும்பாலான கல்லூரிகளில் அது கட்டாயமும் இல்லை.

மேஜர் கற்றுத்தராததைக் கற்றுத்தருவதே நல்ல மைனர் என்பது என் உறுதியான கருத்து. கணினி அறிவியல் படிப்பவருக்குக் கணித மைனர் எளிதாகக் கிடைத்துவிடும். கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் இரண்டும் மேஜருக்கே வேண்டியவை என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். (ஒரே பாடத்தை இரண்டுக்கும் கணக்கில் காட்ட எத்தனை கிரெடிட் வரை விடுவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.) ஆனால் எளிது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். உயிரியல் மாணவர் புள்ளியியலை எடுத்தால், ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்ததும் மாதிரி அளவு போதுமா, முடிவு தாங்குமா என்று தாமே எடைபோடுவார். எந்தப் பிரிவானாலும் எழுத்துப் பயிற்சி தரும் மைனர் வீண்போகாது.

பிடித்த துறையா, வேலைக்கு உதவும் துறையா என்று திண்டாடுபவர்கள் அந்தத் துறையின் அறிமுகப் பாடம் ஒன்றைப் எந்த மேஜரானாலும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடமாக எடுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும் அந்த கிரெடிட் பட்டத்துக்குள் சேர்ந்துவிடும்.

பாடவரிசையை முன்கூட்டியே பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். மைனரின் மேல்நிலைப் பாடத்துக்கு முன்பாடம் ஒன்று இருக்கும். அது இலையுதிர்கால செமஸ்டரில் மட்டுமே நடக்கலாம். அதைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர்களை இது இன்னும் கடுமையாகப் பாதிக்கும். மைனரை முடிக்க வேண்டும் என்ற காரணத்துக்காக மட்டும் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் சான்று) காலத்தை நீட்டிக்கப் பல கல்லூரிகள் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். படிப்புக்குப் பின் ஓபிடி எனும் 12 மாத வேலை அனுமதியில் செய்யும் வேலை உங்கள் மேஜரோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கான கூடுதல் 24 மாதங்களும் மேஜரைப் பொறுத்தே கிடைக்கும். வரலாறு படித்துவிட்டுத் தரவு அறிவியலை மைனராக வைத்திருந்தால், அந்த 24 மாதங்களைக் கேட்க முடியாது. வேலை அனுமதிதான் உங்கள் கவலை என்றால் மைனரை நம்பாதீர்கள். மேஜரை மாற்றுவதா, இரட்டை மேஜர் எடுப்பதா என்று இப்போதே யோசியுங்கள்.

மேஜரை இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் அறிவிக்கச் சொல்வது வழக்கம். மைனரையும் அதற்குள் முடிவு செய்துவிட்டால் பாடங்களை நெருக்கடி இல்லாமல் அடுக்கலாம். எட்டு செமஸ்டருக்கும் எந்தப் பாடம் எப்போது என்று ஒரு தாளில் எழுதி முதலில் கல்வி ஆலோசகரிடமும், பிறகு சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் காட்டுங்கள். இருவரும் சரி என்ற பிறகு மைனரை அறிவிக்கும் படிவத்தில் கையெழுத்திடலாம்.