பாலக்காடு எல்லையில் காப்பீட்டுக் கார்டுக்கு ஏற்ற குடும்ப டாக்டரைப் பிடிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அஞ்சு லட்சம் கார்டு இருக்கு, பக்கத்துல எந்த டாக்டர் இதை எடுத்துக்குவார்?"

காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று போனால் எந்தத் தனியார் கிளினிக்கும் எடுத்துக்கொள்ளாது. டாக்டர் மறுக்கிறார் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் கார்டும் கேரளத்தின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததியும், அதாவது காஸ்ப்பும், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடும் அப்படித்தான். வெளிநோயாளி சீட்டுக்கு அவற்றில் இடமில்லை. ஆனாலும் காசு வாங்காத குடும்ப டாக்டருக்கு வழி உண்டு.

முதல் படி: கையில் இருப்பது எது?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் இவற்றில் வெளிநோயாளியாகவும் பார்க்கும் காப்பீடு அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பலர், பணம் பிடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒருநாளும் இ.எஸ்.ஐ. மருந்தகம் (டாக்டர் பார்த்து மருந்து தரும் டிஸ்பென்சரி) பக்கம் போவதில்லை.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதாரோடு போய் ஆயுஷ்மான் அல்லது காஸ்ப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காஸ்ப்பில் சேர்ந்த மருத்துவமனைகளில் அதற்கென்று தனி கவுண்டர் இருக்கும். மஞ்சள் ரேஷன் கார்டோ பிங்க் ரேஷன் கார்டோ இருப்பதாலேயே காப்பீடும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு பட்டியல். 70 வயது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தனி ஆயுஷ்மான் அட்டையை மத்திய அரசு 2024-ல் தொடங்கியது; உங்கள் மருத்துவமனையில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 லட்சம் என்பது ஒரு வருடத்துக்கு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து, ஆளுக்கு ஆள் அல்ல.

இரண்டாம் படி: இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் மருந்தகத்தைச் சரியாகப் பதிவது

கம்பெனி உங்களைப் பதியும்போது 10 இலக்கக் காப்பீட்டு எண் வரும். அந்தப் படிவத்தில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது: தொழிலாளிக்கு ஒரு மருந்தகம், குடும்பத்துக்கு ஒரு மருந்தகம் எனத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் கஞ்சிக்கோட்டில், மனைவியும் அம்மாவும் பொள்ளாச்சியில் என்றால் இரண்டையும் ஒரே ஊரில் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லை தாண்டி வர வேண்டியதுதான். தவறாகப் பதிவாகியிருந்தால் கம்பெனி மூலமோ இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ மாற்றக் கேளுங்கள்.

சில ஊர்களில் மருந்தகத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. அங்கீகரித்த தனியார் டாக்டர் ஒருவர் இருப்பார். அவர் கிளினிக்கில் உங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

அடிக்கடி சிக்கும் இடம் பெயரும் ஆதாரும்தான். குடும்பத்தார் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். 'முத்துலட்சுமி' ஓரிடத்தில் 'லட்சுமி' ஆகிவிட்டால் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். மருத்துவ விடுப்புப் பணம் வேண்டுமென்றால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழைத்தான் கேட்பார்கள். வேறு கிளினிக்கில் காட்டிவிட்டு அந்தச் சீட்டோடு போனால் அலைச்சல்தான் மிச்சம்.

மூன்றாம் படி: இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குக் குடும்பாரோக்ய கேந்திரம்

கேரள அரசு 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்பாரோக்ய கேந்திரங்களாக மாற்றினார்கள். பெயரிலேயே குடும்பம் இருக்கிறது. இங்கே காப்பீட்டுக் கார்டே வேண்டாம். உங்கள் வார்டு எந்தக் கேந்திரத்தில் வருகிறது என்று வார்டின் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்; போர்டு மலையாளத்தில் இருக்கலாம், தேடித் திரிவதைவிட அவரைக் கேட்பது மேல். டாக்டரைப் பார்க்குமுன் நர்ஸ் எடை, பிரஷர் பார்த்துச் சீட்டில் எழுதுவார். சர்க்கரை, பிரஷருக்குத் தனி நாள் இருக்கும், அதை முதலிலேயே கேட்டு வையுங்கள். திட்டப்படி ஓ.பி. மாலை 6 மணி வரை உண்டு என்றாலும், முதல் முறை காலையில் போங்கள்.

பேச்சில் ஒரு கண்ணி. டாக்டர் "பனி உண்டோ?" என்று கேட்டால் அது காய்ச்சல், நம்ம ஊர் மார்கழிப் பனி அல்ல. "சர்த்தி" என்றால் வாந்தி. "வேதனை" என்றால் வலி, மனக்கஷ்டம் இல்லை. "பனியெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, காய்ச்சல் மாத்திரை தரவில்லையே என்று திரும்பி வருவது இங்கே புதிதல்ல. மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே பையில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதே கேந்திரத்துக்கே போங்கள். மாதம் ஒரு டாக்டரிடம் போனால் யாருக்கும் உங்கள் உடம்பு பழகாது.

நான்காம் படி: தனியார் டாக்டர்தான் வேண்டுமென்றால்

ஃபீஸ் உங்கள் கையிலிருந்துதான். சீட்டில் அவருடைய பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். கேரள மாநில மருத்துவ கவுன்சிலிலோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலோ அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். எல்லையோரத்தில் இதைச் செய்யாமல் விடவே கூடாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் குடும்ப மருத்துவத்தில் எம்.டி.யோ டி.என்.பி.யோ படித்தவர் கிடைத்தால் நல்லது. பிறகு ஒரு கேள்வி: "சேர்க்க வேண்டி வந்தால் எங்கே அனுப்புவீங்க? அங்கே காஸ்ப் எடுப்பாங்களா?" இதற்கு நேராகப் பதில் சொல்பவரை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எல்லை தாண்டும் முன்

கோயம்புத்தூர் மருத்துவமனையில் கேரளக் கார்டு எடுபடுமா? ஆயுஷ்மான் பட்டியலில் உள்ளவர்களுக்கு வேறு மாநிலத்திலும் செல்லும். அந்தப் பட்டியலுக்கு வெளியே மாநில அரசு தன் பங்குக்குச் சேர்த்த குடும்பங்களுக்கு அப்படியே செல்லும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். ஆயுஷ்மான் இணையதளத்தின் மருத்துவமனை தேடும் பக்கத்தில் மாநிலம், மாவட்டம், சிகிச்சைப் பிரிவு மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். பிரிவை விட்டுவிட்டால் கண் மட்டும் பார்க்கும் மருத்துவமனையும் பட்டியலில் வரும், நீங்கள் நெஞ்சுவலியோடு அங்கே போய் நிற்பீர்கள்.

அடுத்து மருத்துவமனைக்குப் போன் போட்டு, ரிசப்ஷனிடம் பேசாமல் காப்பீட்டு கவுண்டரைக் கேளுங்கள். கேட்க வேண்டியது: "பாலக்காடு கார்டு உங்க சிஸ்டத்துல திறக்குமா? இந்த ஆபரேஷன் உங்களுக்கு அனுமதி இருக்கா? எந்த டாக்குமென்ட் கொண்டு வரணும்?" உதவி எண்கள்: ஆயுஷ்மானுக்கு 14555, கேரளத்தின் சுகாதார உதவி மையமான திஷாவுக்கு 1056, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993. 104 என்ற சுகாதார உதவி எண் இரு மாநிலத்திலும் உண்டு. அதற்கு அடித்தால் பேசுவது எந்த மாநிலம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவும் ஆயுஷ்மான் கணக்கிலேயே வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு நகலை அந்த வாரமே உங்கள் கேந்திரத்து டாக்டரிடம் காட்டி, பழைய மாத்திரைகளில் எது நின்றது, எது தொடர்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.