பரணிலிருந்து இறங்கிய கரிப்பெட்டியை மீண்டும் தேய்க்க வைப்பது எப்படி

பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பழைய வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும், பரணிலிருந்து அண்டா, குத்துவிளக்கு ஆகியவற்றோடு ஒரு கரி இஸ்திரிப் பெட்டியும் இறங்கி வருவதுண்டு. அது எடைக்குப் போய்விடும். இல்லையென்றால் பளபளவென்று மெருகேற்றப்பட்டு, உள்ளே பிளாஸ்டிக் பூவோடு வரவேற்பறை அலமாரியில் உட்கார்ந்துவிடும். இரண்டும் எனக்கு உவப்பில்லை. அந்தப் பெட்டியைப் பிடித்துப் பழகிய கைகள் நம் வீட்டில் இன்னும் இருக்கும்போதே அதை ஒருமுறையாவது தணலிட்டுத் தேய்த்துப் பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அல்சூரில் பெரியம்மா வீட்டிலிருந்து எனக்கு வந்த பித்தளைப் பெட்டி, கரி இல்லாமலே 4 கிலோ 600 கிராம் இருக்கிறது. கடைகளில் தேய்ப்பவர்கள் வைத்திருப்பது இதைவிடக் கனமானது.

முதலில் பெட்டி எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்று இதற்குப் போதும். காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை. ஒட்டினால் வார்ப்பிரும்பு, அல்லது மேலே மஞ்சள் பூச்சு ஏறிய இரும்பு. சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பழைய பொருள் சந்தையில் வாங்குவதாக இருந்தால் பூச்சு ஏறிய பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அவை அலங்காரத்துக்கென்று செய்யப்பட்டவை, அடித்தகடு மெலிந்திருக்கும், சூடு நிற்காது. வேலைக்கென்று செய்த பெட்டியில், மூடி பின்பக்கக் கீலில் ஆடாமல் திறந்து மூடும், முன்பக்கக் கொக்கி இறுக்கமாக விழும், பக்கவாட்டில் கீழ்வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும், கைப்பிடிக்குக் கீழே சூட்டைத் தடுக்கும் ஒரு சிறு தகடு இருக்கும். உள்ளே கரியைத் தாங்கும் சல்லடைத் தட்டும் இருந்தால் நல்லது. அது தொலைந்துபோன பெட்டிகளே அதிகம். தடித்த இரும்புத் தகட்டில் துளையிட்டு, கரி அடித்தகட்டில் நேரடியாகப் படாமல் ஒரு விரல்கடை உயரத்தில் நிற்கும்படி கால் வைத்து எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

சுத்தம் செய்யும்போது கை நிதானமாக இருக்க வேண்டும். பழைய சாம்பல் ஈரத்தோடு சேர்ந்து மூலைகளில் கல்லாக இறுகியிருக்கும். சாம்பலில் காரம் இருப்பதால் அதன் அடியில் உலோகம் அரித்திருக்கக்கூடும். அதை மரக்குச்சியால் சுரண்டி எடுத்த பிறகே தண்ணீர் படலாம். பித்தளைக்குப் புளியும் உப்பும் போதும், ஆனால் தேய்த்த கையோடு கழுவித் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். புளி தங்கினால் மறுநாளே பச்சை பூத்துவிடும். வார்ப்பிரும்புப் பெட்டிக்குப் புளி கூடாது, இரும்பு நாரும் தேங்காய் எண்ணெயும்தான் சரி. அடித்தகட்டில் கறையும் கீறலும் இருந்தால் 400 எண் உப்புத்தாளால் தொடங்கி 800 எண் தாளில் முடிக்க வேண்டும். எப்போதும் முனையிலிருந்து பின்பக்கம் நோக்கி நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் துணியில் இழுக்கும். பிறகு பெட்டியை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் அடி சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விரிசலையும் ஓட்டையையும் அடைக்கும் இடத்தில்தான் நான் ஏமாந்தேன். பாத்திரம் பழுது பார்க்கும் ஓரிடத்தில் கொடுத்தேன். அவர்கள் ஈயப்பற்று வைத்து அழகாக அடைத்துத் தந்தார்கள். முதல் தணலிலேயே பற்று உருகி, விரித்திருந்த பழைய வேட்டியில் வெள்ளிப் பொட்டுப் பொட்டாகச் சொட்டியது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், பருத்தித் துணி தேய்க்கும் பெட்டியின் அடியோ 200 டிகிரியைத் தொடும் என்ற கணக்கு எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பாத்திரத்துக்குப் பூசுவதுபோல உள்ளே கலாய் பூசச் சொல்வதும் வீண். கலாயாகப் பூசும் தூய வெள்ளீயமே தணலுக்குப் பக்கத்தில் 232 டிகிரியில் உருகிவிடும். 450 டிகிரிக்கு மேல் உருகும் உலோகத்தை வைத்துப் பற்றும் பிரேசிங் வேலைதான் இதற்குத் தாங்கும். கைப்பிடி வெடித்திருந்தால் தேக்கில் கடைந்து போடலாம். வார்னிஷ் அடிக்க வேண்டாம். சூட்டில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும்.

இனி கரி. கொட்டாங்குச்சிக் கரி கெட்டியானது, நெடுநேரம் நிற்கும், பொறி குறைவு. மரக்கரியானால் எலுமிச்சம்பழ அளவுத் துண்டுகளாக உடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்துக்கொள்ள வேண்டும்; ஈரக்கரி வெடித்துப் பொறி பறக்கும். கரியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது கூடாது. அந்த வாடை துணியில் ஏறிவிடும், சுவாலை கைப்பிடியையும் சுடும். கும்முட்டி அடுப்பிலோ பழைய இரும்புச் சட்டியிலோ தனியாகப் பற்றவைத்து, கரி முழுவதும் சிவந்து மேலே வெள்ளையாக நீறு பூத்த பிறகு இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் முக்கால் பங்கு நிரப்ப வேண்டும். மூடியைக் கொக்கியிட்டபின் பெட்டியை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல நாலைந்து முறை வீசினால் துளை வழியே காற்றுப் புகுந்து தணல் ஒரே சீராகும். வீசும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது.

இதை மொட்டை மாடியிலோ முற்றத்திலோதான் செய்ய வேண்டும். அடுக்குமாடி வீட்டின் சன்னல் சாத்திய அறைக்குள் தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகு எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. ‘அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள்தானே தேய்த்தார்கள்’ என்று யாராவது சொல்வார்கள். அந்த வீடுகளுக்கு ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் இருந்தன.

கரிப்பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இல்லை என்பதால், சோதிப்பதற்குக் கண்ணும் காதும்தான். விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீரை அடித்தகட்டின்மேல் தெறித்தால், சொட்டு பரவி மெல்லக் கொதித்து அடங்கினால் இன்னும் சூடு போதாது. ‘சொய்’ என்று உடனே ஆவியானால் நடுத்தரம். சொட்டு முத்தாகத் திரண்டு ஓடிக் கீழே விழுந்தால் பருத்திக்கும் கூட அதிகம், கொஞ்சம் ஆறவிட வேண்டும். இன்றைய துணிகளின் உள்பக்கத் துண்டில் அச்சிட்டிருக்கும் இஸ்திரிப் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 என்பது உச்சவரம்பு. ஒரு புள்ளித் துணிகளைக் கரிப்பெட்டிக்குக் காட்டவே வேண்டாம்.

மின்பெட்டியில் பழகியவர்கள் தடுமாறும் இடம் வரிசை. மின்பெட்டியில் மெல்லிய துணியில் தொடங்கிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவோம். இங்கே தணல் உச்சத்தில் தொடங்கி மெல்ல இறங்குவதால், கஞ்சி போட்ட வேட்டி, பருத்திச் சட்டை, பள்ளிச் சீருடை எல்லாம் முதலில்; கலப்புத் துணிகள் அப்புறம்; கங்கு சாம்பலுக்குள் ஒடுங்கும் நேரத்தில்தான் பட்டு. பெரியம்மா இதை ஒரே வாக்கியத்தில் சொல்லுவார்: “பட்டு எப்பவும் பந்தியில கடைசி.” அதுவும் புடவையைத் திருப்பிப்போட்டு, மேலே மெல்லிய மல் துணி விரித்து, சரிகைமேல் அழுத்தாமல். என் பெட்டியில் ஒரு நிரப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சூடு நிற்கிறது. எட்டு அல்லது பத்துத் துணிகளுக்குச் சரியாக இருக்கிறது.

தேய்ப்பதற்கு மேசைமேல் ஜமக்காளம், அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே பழைய வெள்ளை வேட்டி என்று மூன்று அடுக்கு விரித்துக்கொள்ளுங்கள். துணிகளுக்கு அரை மணி முன்னரே தண்ணீர் தெளித்து இறுகச் சுருட்டி வைத்தால் ஈரம் சீராகப் பரவியிருக்கும். ஒவ்வொரு துணிக்கும் முன்னால் அடித்தகட்டை ஈரத்துணியில் ஒருமுறை இழுத்துத் துடைப்பதை விட்டுவிடவே கூடாது. துளைவழி வந்து ஒட்டிய கரித்தூள் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டுவிடும். பெட்டி துணியில் ஒட்டிக்கொண்டு வழுக்காவிட்டால், மெழுகுவர்த்தித் துண்டைப் பழந்துணியில் பொதிந்து அதன்மேல் ஓட்டித் துடைக்கலாம். கை அழுத்தம் தேவையில்லை, பெட்டியின் கனமே அழுத்தும். நாம் வழிகாட்டினால் போதும். நிறுத்தும்போது மின்பெட்டியைப்போலக் குதிகாலில் செங்குத்தாக நிறுத்திவிட வேண்டாம். எனக்கு ஒருமுறை பழக்கதோஷத்தில் கை அப்படிப் போய், சாம்பலும் இரண்டு கங்கும் கம்பளியில் கொட்டின. பக்கத்தில் ஒரு செங்கல்லோ இரும்பு முக்காலியோ வைத்து, அதன்மேல் படுத்தவாக்கில்தான் வைக்க வேண்டும்.

இந்த வேலையில் எனக்கு அதிகம் கிடைத்தது பெட்டியிலிருந்து அல்ல, பக்கத்தில் நின்றவர்களிடமிருந்து. நாற்காலியில் உட்காரவைத்து “அந்தக் காலத்தில் எப்படித் தேய்ப்பீர்கள்” என்று கேட்டால் “எல்லாரும் மாதிரிதான்” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. பெட்டியைக் கையில் கொடுங்கள். எண்பது தாண்டிய பெரியம்மா கைப்பிடியைப் பிடித்ததும் என்னை நகரச் சொன்னார், “என்னடா இப்படி அழுத்துற, துணியா மாவா?” என்றார். பிறகு தானாகவே வந்தது: பெரியப்பா தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் முதல் ஷிப்டுக்குப் போனதால் முந்தின இரவே சீருடை தேய்க்க வேண்டியிருந்தது. இரவுச் சமையல் முடிந்த அடுப்பிலிருந்தே தணல் எடுத்ததால் தனியாகக் கரிச்செலவு இல்லை. மழைக்காலத்தில் காயாத துணியைப் பெட்டிதான் காயவைத்தது. கைபேசியில் படம் பிடிப்பதானால் முகத்தைவிடக் கைகளைப் பிடியுங்கள். மணிக்கட்டை எங்கே திருப்புகிறார், காலரை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார் என்பதெல்லாம் சொல்லில் வராது. கரி எங்கே வாங்கினார்கள், வீட்டில் யார் தேய்த்தார்கள், எந்தத் துணி தீய்ந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். தீய்ந்த துணி எல்லாருக்கும் நினைவிருக்கும்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் தேய்த்தே குடும்பம் நடத்தியவர்களிடம் கேட்கும்போது இந்த உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். நமக்கு அது பரண் நினைவு. அவர்களுக்குத் தோள்வலி, கருத்த நகம், கோடையிலும் எதிரே தணல். எங்கள் தெருவில் தேய்க்கும் அண்ணாவிடம் பெட்டியைக் காட்டி, “அண்ணா, இதை ஒரு நாள் ஓட்டிக் காட்டுவீங்களா?” என்று கேட்டபோது, “காட்டுறேன், ஆனா இதுக்கு மறுபடியும் போகச் சொல்லாதீங்க” என்று சிரித்தார். அவர் எரிவாயுப் பெட்டிக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், படம் எடுக்க அனுமதி கேளுங்கள், சாதிப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். கரியை விட்டு வெளியேறும் வழியைத் தேடுவோரும் இருக்கிறார்கள். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோதே வடிவமைத்த சூரிய ஒளி இஸ்திரி வண்டி, 2021இல் சுற்றுச்சூழல் முயற்சிகளுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுவரை போனது.

பரணில் கிடைத்தது கரிப்பெட்டியாக இல்லாமல் பழைய மின்பெட்டியாக இருந்தால் அதைச் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மின்பெட்டிக்கு அமெரிக்காவில் ஹென்றி சீலி காப்புரிமை பெற்றது 1882இல். நம் வீடுகளில் கிடைப்பவை அதற்கு வெகுகாலம் பிந்தியவை என்றாலும், துணி சுற்றிய வடத்தின் உள்ளே ரப்பர் பொடிந்திருக்கும், சிலவற்றில் கல்நார் இழையும் இருக்கும். அந்த வடத்தைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கழற்றி, மின்பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மூன்று பின் உள்ள புது வடம் வாங்கி, நிலக்கம்பியை உடலோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே மைக்கா தகட்டில் சுற்றிய நைக்ரோம் கம்பி முழுதாக இருக்கிறதா, மின்கசிவு உண்டா என்பதை மெக்கர் கருவி வைத்திருக்கும் மின்பணியாளர் பார்த்துச் சொல்வார். அமெரிக்க உறவினர் கொண்டுவந்த 110 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் போட்டால் நான்கு மடங்குக்கு மேல் மின்சக்தி இழுத்து நொடியில் கருகிவிடும். அந்த நாட்டு வீடுகளில் உட்கார்ந்தபடியே விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரங்களும் இருந்தன; பஞ்சு சுற்றிய உருளை சூடான தகட்டோடு அழுந்திச் சுழலும். இங்கே அதன் பங்காளி என்றால் புடவைக்கு ரோலிங் போடும் கடைதான்.

தேய்த்து முடிந்ததும் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. சூடான வார்ப்பிரும்பு குளிர்நீர் பட்டால் விரிசல் விடும். கங்குகளை இடுக்கியால் எடுத்து மணல் போட்ட இரும்பு வாளியில் புதைத்து, சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில் மறுநாள் வரை வையுங்கள், ஏனென்றால் நீறுக்குள் நெருப்பு பல மணி நேரம் உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டியவர்கள் கூடையை இழந்திருக்கிறார்கள். பெட்டி முழுக்க ஆறியபின் உள்ளே சாம்பல் ஒரு துகளும் இல்லாமல் துடைத்து, அடித்தகட்டில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, மூடியை லேசாகத் திறந்தபடி பருத்தித் துணியில் பொதிந்து வைக்கலாம். அதற்குள் ஒரு தாளும் போட்டுவையுங்கள்: எடை, என்ன உலோகம், எங்கே பிரேசிங் செய்தது, கடைசியாகத் தணலிட்ட தேதி, அன்று கைப்பிடியைப் பிடித்தவர் யார்.