அமெரிக்க மாநிலங்களில் எக்ஸ்ரே, கதிர்வீச்சு சிகிச்சைப் பணிக்கான உரிமம் பெறும் முறை

அமெரிக்காவில் எக்ஸ்ரே எடுப்பதற்கோ புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிப்பதற்கோ நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே உரிமம் கிடையாது. 1981-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மத்திய அரசு இயற்றிய சட்டம் இத்தொழிலுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்ததே தவிர, அவற்றைக் கட்டாயமாகப் பின்பற்றும்படி மாநிலங்களைப் பணிக்கவில்லை. நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா போன்றவை 1960-களிலேயே சொந்தச் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. வேறு சில மாநிலங்களோ இதை நெடுங்காலம் மருத்துவமனைகளின் பொறுப்பிலேயே விட்டிருந்தன. நோயாளியின் உடலில் கதிரைச் செலுத்தும் பணி எல்லா இடங்களிலும் ஒன்றே என்னும்போது அதற்கான தகுதி மாநில எல்லையைக் கடந்ததும் மாறுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆயினும் நடைமுறை இதுவே என்பதால், எந்த மாநிலத்தில் பணிபுரியப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அந்த மாநிலத்தின் சட்டம் எந்தெந்தக் கருவிகளைத் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரெகனில் மருத்துவப் படிமவியல் வாரியம் என்ற தனி அமைப்பு எக்ஸ்ரேவுக்கு மட்டுமின்றி, எக்ஸ்ரேவில் உள்ளதுபோன்ற அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் பணிகளுக்கும் உரிமம் வழங்குகிறது. பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவில் இவ்விரண்டுக்கும் மாநில உரிமம் தேவையில்லை.

அடுத்தது படிப்பு. பெரும்பாலான மாநிலங்கள் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற தனியார் சான்றளிப்பு அமைப்பின் தேர்வையே தங்கள் அளவுகோலாக ஏற்றுள்ளன. அத்தேர்வை எழுத, அவ்வமைப்பு அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தை முடித்திருப்பதோடு, 2015 முதல் குறைந்தது ஈராண்டு அசோசியேட் பட்டமாவது பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ வேறு நாட்டிலோ ரேடியாலஜி பட்டம் பெற்று வருபவர்கள் அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி நேரடியாகத் தேர்வெழுதலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பயிற்சித் திட்டத்தின் பொறுப்பாளரை அணுகி, முன்பு படித்த பாடங்களில் எவற்றுக்கு விலக்குக் கிடைக்கும் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள், படிப்பில் சேர்வதற்கு முன்பே ஏ.ஆர்.ஆர்.டி.யின் நன்னடத்தை ஆய்வுக்கு விண்ணப்பித்துவிட்டால், பல ஆண்டு உழைப்பும் பணமும் வீணாகாமல் காத்துக்கொள்ளலாம். எதையும் மறைக்க வேண்டாம்.

தேர்வில் தேர்ச்சிக்கு 75 என்ற அளவீட்டு மதிப்பெண் (சரியான விடைகளின் சதவீதம் அன்று; தேர்வின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்த மதிப்பெண்) தேவை; மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுத வாய்ப்பு உண்டு. தேர்ச்சி பெற்றதும் கிடைப்பது சான்றிதழே அன்றி உரிமம் அன்று. உரிமச் சட்டம் உள்ள மாநிலத்தில், அந்தச் சான்றிதழை இணைத்து மாநில அலுவலகத்துக்குத் தனியே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உரிமம் கைக்கு வந்த பிறகே நோயாளிக்குக் கதிர் செலுத்தத் தொடங்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இந்த விண்ணப்பம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்குச் செல்கிறது. அங்கே மாநில உரிமம் 'சான்று' என்ற பெயரிலேயே வழங்கப்படுகிறது; எக்ஸ்ரே எடுப்பதற்கான சான்றும் கதிர்வீச்சு சிகிச்சைக்கான சான்றும் வெவ்வேறானவை. ஒன்றைப் பெற்றவர் மற்றதன் பணியைச் செய்ய முடியாது. மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராஃபிக்கும் தனிச் சான்று வேண்டும். புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் புளோரோஸ்கோப்பி அனுமதி. கதிரைத் தொடர்ச்சியாகச் செலுத்தி உடலின் உள் அசைவுகளைத் திரையில் காட்டும் இக்கருவியில், பொத்தானை அழுத்துபவருக்கு மட்டுமே அனுமதி தேவை என்று பலர் கருதுகின்றனர். ஆனால் அந்தச் சமயத்தில் நோயாளியின் கிடப்பைச் சரிசெய்வதும், கருவியை நகர்த்தி நிறுத்துவதும், கதிரின் அளவுகளைத் தேர்வதும்கூட அனுமதி பெற்ற தொழில்நுட்பருக்கே உரிய வேலைகள் என்று விதி கூறுகிறது. அறுவை அரங்கில் மருத்துவரே கருவியின் கால்மிதியை அழுத்தினாலும், சி-ஆர்ம் என்ற நகர்த்தக்கூடிய புளோரோஸ்கோப்பி கருவியை இடம்பார்த்து நிறுத்தும் தொழில்நுட்பருக்கு இந்த அனுமதி இருந்தாக வேண்டும். ஒரே இடத்தில் நெடுநேரம் கதிர் பட்டால் தோலே புண்ணாகிவிடக்கூடும் என்பதை நினைத்தால், இந்தக் கண்டிப்பு மிகையானதாகத் தோன்றாது. இதற்கான தேர்வு தனியானது என்பதால், வேலையில் சேரும் நாளுக்கு வெகு முன்பாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

புதுப்பித்தலில் நாட்களைக் கவனிக்க வேண்டும். ஏ.ஆர்.ஆர்.டி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 24 தொடர்கல்விப் புள்ளிகளைக் கேட்கிறது. கலிபோர்னியாவும் அதே அளவைக் கேட்கிறது. புளோரோஸ்கோப்பி அனுமதி உள்ளவர்கள் அவற்றுள் 4 புள்ளிகளை அக்கருவியின் கதிர்ப் பாதுகாப்பிலேயே பெற்றிருக்க வேண்டும். ஒரே வகுப்பின் புள்ளிகளை இரண்டுக்கும் காட்டலாம் என்றாலும், முதலாவதன் கணக்கு உங்கள் பிறந்த மாதத்தையும் இரண்டாவதன் கணக்கு மாநிலச் சான்றின் காலாவதி நாளையும் ஒட்டியது என்பதால், ஒரு கணக்கில் அடங்கும் வகுப்பு மற்றொன்றின் காலவரம்புக்கு வெளியே விழுந்துவிடலாம். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் ஏ.ஆர்.ஆர்.டி. சான்றிதழ் உங்களுடன் வரும், பழைய மாநிலத்தின் உரிமம் வராது. புதிய மாநிலத்துக்கான விண்ணப்பத்தை, வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அனுப்பிவிடுவது பாதுகாப்பானது.