தமிழில் எழுதிப் படித்த லத்தீன்

பினாங்கில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் லத்தீன் பாட்டு எடுத்தால் ஆளுக்கொரு உச்சரிப்பு. ஆங்கிலம் படித்த நாக்கு முந்திக்கொள்ளும். பாட்டுத்தாளில் ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழில் எழுதினேன். பாதிச் சிக்கல் தீர்ந்தது. 'பெக்காத்தா' என்ற இரட்டிப்பு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'ஆஞ்ஞுஸ் தேயி' (Agnus Dei)? அஞ்ஞானம் என்று சொல்லத் தெரிந்தால் போதும்! தமிழ் எழுத்து காட்டாத d, b போன்ற மெல்லொலிகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு: 'தேயி'க்கு உண்டு, 'தே'வுக்குக் (te) கிடையாது.

பொருள்தான் பெரும்பாடு. இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தில் 'பானெம் நோஸ்த்ரும் கோத்திதியானும் தா நோபிஸ் ஹோதியே' என்று வரும். ஆங்கில வரிசையில் தேடினால் தலை சுற்றும். வேற்றுமை உருபாகப் பார்த்தேன்: பானெம், அப்பத்தை, நோபிஸ், எங்களுக்கு. 'எங்கள்', 'அன்றாட' என்ற அடைகளும் அப்பத்தோடு சேர்ந்து இரண்டாம் வேற்றுமை ஏற்கின்றன. தமிழில் இல்லாத வம்பு. 'தா' வினை, கொடு என்று பொருள். எங்கே நின்றாலும் சரி.

வீரமாமுனிவர் கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. லத்தீனிலிருந்து தமிழுக்கு அவர் வந்த வழியில் நான் எதிர்த்திசையில் போகிறேன். அடுத்து 'சால்வே ரெஜீனா' என்ற மாதா பாட்டு. அதில் விளி வேற்றுமை நிறைய.