டென்பி கடற்கரையில் ஒரு வாரம்: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பிரிட்டனுக்கு வந்த முதல் கோடையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போக நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் டென்பி. வேல்ஸின் தென்மேற்கு மூலையில், பெம்புரோக்‌ஷயரில் இருக்கிறது. பழைய ஊர் மதிலைத் தாண்டினால் வடக்கிலும் தெற்கிலும் நல்ல மணல். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம். கார் இல்லாதவர்களுக்கும் தோதான ஊர். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் பெரும்பாலான டிக்கெட்டுகளில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் குறையும். காரில் போகிறவர்கள் வேகத்தைக் கவனியுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸின் குடியிருப்புத் தெருக்களில் பொதுவான வரம்பு 20 மைல்தான்.

தங்குவதற்கு ஹோட்டலைவிட ஹோலிடே பார்க் கேரவன், அதாவது விடுமுறைப் பூங்காவில் ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கும் வண்டி வீடு, நம் குடும்பங்களுக்கு ஏற்றது. இரண்டு மூன்று படுக்கையறை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குக்கரையும் அரிசி, பருப்பையும் கையோடு கொண்டு போனால் சாப்பாட்டுக் கவலை இல்லை. ஆகஸ்டில் வாடகை எகிறும், உண்மைதான். அதற்காகப் பள்ளி நாட்களில் லீவு போட வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் ஐந்து பள்ளி நாள் போனால், பிள்ளை ஒன்றுக்கு அம்மாவுக்கு 80 பவுண்டு, அப்பாவுக்கு 80 பவுண்டு என்று அபராதம் வரலாம். மே கடைசியில் ஒரு வார விடுமுறை வருமே, அதைப் பாருங்கள்.

அப்புறம், கடல். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான்; யாழ்ப்பாணத்தில் அதைவிடவும் குறைவு. டென்பியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஏழு மீட்டரைத் தாண்டும். காலையில் துறைமுகத்துப் படகுகள் தரையில் சாய்ந்து கிடக்கும்; ஆறு மணி நேரத்தில் அதே படகுகள் மிதந்துகொண்டிருக்கும். கரைக்கு எதிரே உள்ள செயின்ட் கேத்தரின் தீவுக்கு வற்றத்தில் மணலில் நடந்தே போகலாம், ஏற்றத்தில் சுற்றிலும் தண்ணீர். பாறை மறைவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் தண்ணீர் வழியை அடைத்துவிடும். ஆகவே தினமும் காலையில் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றுப் பார்த்த நேரம் இன்றைக்கு உதவாது.

மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். உயிர்காப்பாளர்கள் அங்கேதான் கண் வைத்திருப்பார்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. காற்றடைத்த மிதவைகளை நான் வேண்டாம் என்றே சொல்வேன். கரையிலிருந்து வீசும் காற்று நொடியில் கடலுக்குள் இழுத்துப் போய்விடும். கோடையிலும் தண்ணீர் 16, 17 டிகிரிதான். திடீரென்று குதித்தால் மூச்சுத் திணறும், மெல்ல இறங்குங்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதக்கப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்திலேயே பழக்கிவிடுங்கள். யாருக்காவது ஆபத்து என்றால் 999 அடித்து ‘கோஸ்ட்கார்ட்’ (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.

ஆழமில்லாத மணலில் வீவர் என்ற முள் மீன் புதைந்திருக்கும். மிதித்தால் கடுமையாக வலிக்கும். கால் பொறுக்கும் அளவு சூடான நீரில் அரை மணி நேரம் வைத்தால் தணியும். ரப்பர் செருப்பு போட்டு இறங்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஒரு நாள் கால்டி தீவுக்குப் படகில் போய் வாருங்கள். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் வாழும் தீவு, அவர்கள் செய்யும் சாக்லேட் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை படகு கிடையாது.

கார் இருந்தால் அந்த ஞாயிறை ஸ்கந்தவேலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இலங்கையில் பிறந்த குரு சுப்ரமணியம் 1973-இல் கார்மார்த்தன்ஷயர் மலைக்காட்டில் தொடங்கிய ஆசிரமம் அது. முருகன் சன்னதியில் பூஜை பார்த்து, பிரசாதம் சாப்பிட்டு வரலாம். போவதற்குச் சில நாள் முன்பிருந்தே அசைவம் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதனால் மீனும் சிப்ஸும் சாப்பிடும் ஆசையைக் கோயில் போய் வந்த பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள்.